போதைப்பொருள் ஒழிப்பில் எந்த ஜனாதிபதியின் வழி பலன் தந்தது?

இலங்கையில் மைத்திரிபாலவின் தூக்குக்கயிறு, ரணில் காலத்து 'யுக்திய' பொலிஸ் வேட்டை, இப்போது அநுரவின் 'முழு நாடுமே ஒன்றாக' திட்டம் என்று மூன்றையும் வரிசையாக வைத்து, எது வேலை செய்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆய்வாளன் இல்லை. அம்பாறைக் கரையோரத்தில் ஒரு சட்டத்தரணியிடம் இருபத்திரண்டு வருடமாகக் கிளாக்கர். காலை எட்டரைக்கெல்லாம் பைல்கட்டோடு கோட்டு வளவுக்குள் நிற்கிறவன். அங்கிருந்து கண்டதைச் சொல்கிறேன்.

ஜனாதிபதிகள் மாறினாலும் சட்டம் ஒன்றுதான். 1929ஆம் ஆண்டு நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம். அதற்குப் பல்லு வைத்தவர் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன. 1984இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி 2 கிராம் ஹெரோயினுக்கு மரணதண்டனை அல்லது ஆயுள். தேத்தண்ணிக்குப் போடுகிற சீனியில் அரைக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் என்கிற மெத்தம்பெற்றமின் அப்போது யாருக்கும் தெரியாது. அதை 2022இல்தான் சேர்த்தார்கள், 5 கிராமுக்கு அதே தண்டனை. தூக்குத் தண்டனை எழுத்தில் இருக்கிறதே தவிர, 1976 ஜூனுக்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை. ஆக, ஒரு ஜனாதிபதியின் கையில் உண்மையில் இருப்பவை இரண்டு: பொலிஸை எவ்வளவு வேகமாக ஓடவிடுவது, பிடிபட்டவனை அப்புறம் எங்கே அனுப்புவது.

மைத்திரிபால கயிற்றைக் கையில் எடுத்தார். 2019 ஜனவரியில் மணிலாவுக்குப் போய், பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி டுட்டர்டேயின் போதைப்பொருள் போர் உலகத்துக்கே முன்மாதிரி என்று பாராட்டிவிட்டு வந்தார். அலுகோசு, அதாவது தூக்கிலிடுகிறவர், வேலைக்கு விளம்பரம் போட்டார்கள். இரண்டே இரண்டு இடம், நூற்றுக்கு மேல் விண்ணப்பம். (எங்கள் ஐயாவிடமும் ஒருவர் வந்து, அந்த வேலைக்குப் பென்ஷன் உண்டா என்று கேட்டார். பகிடி இல்லை.) ஜூன் 26, சர்வதேச போதைப்பொருள் எதிர்ப்பு தினத்தன்று, நான்கு பேரின் மரணதண்டனையில் கையெழுத்து வைத்துவிட்டதாக அறிவித்தார். ஜூலையில் உயர் நீதிமன்றம் நிறுத்தியது. நவம்பரில் பதவி முடிகிற நேரம், ஒரு பெண்ணைக் கொன்றதற்காக மரணதண்டனை பெற்றிருந்தவனுக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மன்னிப்பை 2024இல் உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது. கயிறு பற்றி என் கருத்து இவ்வளவுதான்.

யுக்தியவைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் அது எங்கள் வளவுக்கே வந்தது. சிங்களத்தில் 'யுக்திய' என்றால் நீதி. 2023 டிசெம்பர் 17இல் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் கைது எண்ணிக்கையைப் பொலிஸ் அறிவிக்கும், டிவியில் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஓடும். ஜனவரியில் ஐ.நா. நிபுணர்கள் கண்டித்து அறிக்கை விட்டபோது 29,000ஐத் தாண்டியிருந்தது. எங்கள் பக்கம் நல்ல மாரி. வளவில் இருக்கிற ஒரே தகரக் கொட்டிலுக்குள் தாய்மார் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள், பிள்ளைகள் பொலிஸ் பஸ்ஸால் இறங்குவார்கள். பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கிற பி அறிக்கையைப் புரட்டி நான் எடையைத் தேடுவேன். 90 மில்லிகிராம். 140 மில்லிகிராம். ஒரு பையனுக்கு 60. கைதுக் கணக்கு மேலே போகப் போக என் பைலில் எடை ஏறவில்லை. மைத்திரிபால காலத்திலும் மில்லிகிராம்தான், அதற்கு முன்னும் மில்லிகிராம்தான். கிராம் கணக்கில் வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

சின்னப் பொதி என்றால் பிரச்சினை சின்னது என்று நினைக்கவேண்டாம். பொலிஸ் வியாபாரம் என்று குற்றம் சாட்டினால் நீதவானால் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றம் போகவேண்டும். அதற்குத் தனி மனு, தனிச் செலவு. பொதி இரசாயனப் பகுப்பாய்வாளருக்குப் போய் அறிக்கை வரும்வரை தவணை மாறி மாறி விழும். விளக்கமறியலுக்குள் போகும்போது ஒரு விற்கிறவனை மட்டும் தெரிந்த பையன், வெளியே வரும்போது பத்துப் பேரின் நம்பரோடு வருகிறான். இதை நான் என் கண்ணால் கண்டேன், மூன்று தடவை, ஒரே குடும்பத்தில்.

அடுத்தது புனர்வாழ்வு. கொழும்பில் இருப்பவருக்கு அது நல்ல சொல். மட்டக்களப்பு, அம்பாறைத் தாய்மாருக்கு அப்படி இல்லை. வெலிக்கந்தைப் பக்கம் இராணுவத்தினர் நடத்துகிற கந்தகாடு முகாமில் யுத்தம் முடிந்தபின் முன்னாள் போராளிகளை வைத்திருந்தார்கள். இப்போது போதைக்கு அடிமையானவர்களையும் அங்கேதான் அனுப்புகிறார்கள். 2022 ஜூனில் உள்ளே ஒருவர் இறந்ததையடுத்து நூற்றுக்கணக்கானோர் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். அதே வருடம் ரணில் அரசாங்கம் கொண்டுவந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலத்தின் முதல் வடிவில் முன்னாள் போராளியும் போதைக்கு அடிமையானவரும் ஒரே வரியில் இருந்தார்கள். உயர் நீதிமன்றம் மறுத்தபிறகுதான் போராளிகளை எடுத்தார்கள். 2023 ஜனவரியில் 23க்கு 6 என்று நிறைவேறியது. 225 பேர் இருக்கிற சபையில் இருபத்தொன்பது பேர்தான் வாக்களித்தார்கள், பாருங்கள்.

தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் சிவில் சிகிச்சை நிலையங்கள் என்று நான் அறிந்தவை தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ. நான்கும் தீவின் அந்தப் பக்கம். தானாகத் திருந்த நினைக்கிற எங்கள் பையன் ஒருவன் அங்கே போய்த் தன் மனதைச் சிங்களத்தில் சொல்லவேண்டும்.

வெளிநாட்டுத் தலைவர்களையும் கேட்டிருந்தீர்கள். மைத்திரிபால பாராட்டிய டுட்டர்டேயை 2025 மார்ச்சில் மணிலா விமான நிலையத்தில் பிடித்து ஹேக் நகரத்துக்கு அனுப்பினார்கள். பொலிஸ் நடவடிக்கையில் செத்தவர்கள் என்று அரசாங்கம் ஒத்துக்கொண்ட கணக்கே 6,000க்கு மேல். மறுபக்கம் போர்த்துக்கல். பின்னாளில் ஐ.நா. செயலாளர் நாயகமான குட்டரெஸ் பிரதமராக இருந்த காலத்தில், 2001 ஜூலையிலிருந்து, பத்து நாள் பாவனைக்கு உட்பட்ட அளவை வைத்திருப்பது அங்கே குற்றமில்லை. பிடிபட்டவன் ஒரு குழுவின் முன் போய் உட்காருவான், வைத்தியம் தேவையா என்று பார்ப்பார்கள். விற்பது அங்கேயும் குற்றம்தான். அங்கே பணம் குறைந்த வருடங்களில் அதுவும் தள்ளாடியது என்று சொல்வார்கள், அதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் என் 60 மில்லிகிராம் பையன் அங்கே பிறந்திருந்தால் பி அறிக்கையே இருந்திருக்காது.

அநுரவின் திட்டம் 2025 ஒக்டோபர் 30 அன்று சுகததாச உள்ளரங்கில் தொடங்கியது. இந்த முறை ஒரு வித்தியாசம் உண்டு: பெரிய தலைகளைத் தேடினார்கள். ஓகஸ்டில் ஜகார்த்தாவரை போய்ப் பாதாளக்குழுக்காரரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மித்தெனியவில் ஐஸ் காய்ச்சுகிற இரசாயனங்களைத் தோண்டி எடுத்தார்கள். இது சரியான திசை என்றுதான் நினைக்கிறேன். கிழக்கில், தமிழில் பேசுகிற, இராணுவம் நடத்தாத ஒரு சிகிச்சை நிலையம் திறக்கட்டும், அப்போது முழு மனதோடு சொல்வேன்.

சரி, நேரடிப் பதில் வேண்டுமென்றால்: நான் கண்ட மூன்றில் கயிறு சும்மா சத்தம், யுக்திய கூட்டத்தைக் கூட்டியது, மூன்றாவதற்கு இன்னும் மார்க் போடமாட்டேன்.

போன கிழமை திருக்கோவில் பக்கத்து அம்மா ஒருவர் வந்திருந்தார். மேலே சொன்ன மூன்று தடவைக் குடும்பம். சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து ஆயிரம் ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்து எண்ணினார். ஐந்தாவது தாள் ஈரம், விசிறிக் காற்றில் காயட்டும் என்று தனியாக விரித்து வைத்தார். ஜனாதிபதி யார், திட்டத்துக்கு என்ன பெயர் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"மனே, அடுத்த தவணைய வேளாண்மை வெட்டு முடியப் போடச் சொல்லேலாதா? வட்டைக்குள்ள நான் ஒருத்திதான் நிக்கன்."

கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி டயரியில் குறித்துக்கொண்டேன்.