ட்ரிப் விழுந்தால் ஹீற்றரையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். 14 மாதத்துக்கு முன் 50 லீற்றர் சுடுதண்ணீர் ஹீற்றர் ஒன்று வாங்கிப் பூட்டினோம். போன கிழமை விடியற்காலை அதைப் போட்டதும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்து மின்சாரம் நின்றது, அதன்பிறகு எத்தனை தரம் போட்டாலும் விழுகிறது. கடையிலிருந்து வந்தவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, டாங்கி போய்விட்டது, புதிது வாங்குங்கள், பழையதற்கு ஒரு தொகை கழித்துத் தருகிறோம் என்கிறார். வாங்கும்போது 5 வருட வாரண்டி என்றார்கள். அம்மாவுக்கு 81 வயது, மூட்டுவலி, பச்சைத்தண்ணீரில் குளிக்கவே முடியாது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் காசு எதுவும் கொடுக்காதீர்கள். வந்தவர் சொன்னதையே எடுத்துப் பாருங்கள். டாங்கி போய்விட்டது என்றால் அது 5 வருட வாரண்டிக்குள் வருகிறது, அவர்கள்தான் மாற்றித் தர வேண்டும். டாங்கி போகவில்லை, உள்ளே தண்ணீரைச் சூடாக்குகிற எலமன்ட்தான் போயிருக்கிறது என்றால் அது தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய சாமான். இரண்டில் எதுவானாலும் நீங்கள் முழு ஹீற்றருக்குக் காசு கட்ட வேண்டிய தேவை இல்லை.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் எனக்கு எலமன்டில்தான் சந்தேகம். டாங்கி ஓட்டையானால் தண்ணீர் கசியும், சுவரோரமாக ஈரம் தெரியும். அப்படி எதையும் நீங்கள் சொல்லவில்லை. எலமன்ட் என்பது ஒரு உலோகக் குழாய். அதற்குள் சூடாகும் கம்பி இருக்கும், கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஒக்சைட் தூள் இறுக்கி அடைத்திருப்பார்கள். தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு வெளியில் படிந்து படிந்து குழாய் அளவுக்கு மீறிச் சூடாகி வெடிப்பு விட்டால், ஈரம் அந்தத் தூளுக்குள் போகிறது, மின்சாரம் ஹீற்றரின் உலோக உடலுக்கும் தண்ணீருக்கும் கசிகிறது. வீடுகளில் வழமையாகப் போடும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் அதைக் கண்டுபிடித்துத்தான் விழுகிறது. உங்கள் தொடர்மாடியில் குழாய்க்கிணற்றுத் தண்ணீரும் கலந்து ஏற்றுகிறார்கள் என்றால் சுண்ணாம்பு இன்னும் கெதியாகப் படியும்.

நீங்களே செய்து பார்க்கக்கூடியது ஒன்று இருக்கிறது. ஹீற்றரின் தனிச் சுவிட்சை நிறுத்திவிட்டு ட்ரிப்பை மேலே போடுங்கள். ட்ரிப் விழாமல் நின்றால் பழுது ஹீற்றர் பக்கம். அதற்குமேல் நீங்கள் தொட வேண்டாம், சுவிட்சை நிறுத்தியே வைத்துவிட்டு ஒரு நல்ல வயர்மேனைக் கூப்பிட்டு, எலமன்ட் வயரைக் கழற்றி மெகர் என்ற மின்கசிவு பார்க்கும் கருவியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கசிவு இருக்கிறதா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ட்ரிப் தொல்லை தருகிறது என்று அதைத் தவிர்த்து நேரடியாக வயர் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அந்த ஆளை அப்போதே வீட்டைவிட்டு அனுப்புங்கள். எங்கள் வீட்டில் ஒருவர் அப்படியே செய்துவிட்டுப் போனார், இரண்டு நாள் கழித்து வேறொரு வயர்மேன் கண்டுபிடிக்கும்வரை பிள்ளைகள் அந்த ஷவரில்தான் குளித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

சரி, வாரண்டிக்கு வருவோம். அட்டையை எடுத்து நிதானமாக வாசியுங்கள். பெரும்பாலும் அதில் இரண்டு கணக்கு இருக்கும்: டாங்கிக்கு நீண்ட காலம், எலமன்ட், தெர்மோஸ்டாட் போன்ற மின்சாமான்களுக்கு ஒன்றோ இரண்டோ வருடம். விற்கும்போது பெரிய எண்ணை மட்டும்தான் சொல்லுவார்கள். எலமன்டுக்கு 2 வருடம் என்று போட்டிருந்தால் அதுவும் இலவசம்தான். அவர்களுடைய ஆள்தான் பூட்டியிருக்க வேண்டும், டாங்கிக்குள் துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் மக்னீசியக் கோலை நேரத்துக்கு மாற்றியிருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை இருக்கலாம், அதையும் பாருங்கள்.

அப்புறம், என்ன பழுது, எந்தச் சாமான் என்பதைக் கடையிடம் எழுத்தில் கேளுங்கள். ஈமெயிலில் கேட்டாலும் போதும். வாயால் டாங்கி என்று சொன்னவர் எழுதச் சொன்னதும் எலமன்ட் என்று மாற்றுவார் என்றுதான் நினைக்கிறேன். பற்றுச்சீட்டு, வாரண்டி அட்டை இரண்டையும் படம் எடுத்து வையுங்கள், அந்த மெல்லிய தாளில் எழுத்து மங்கிப்போகும்.

இதற்கும் மசியாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். வாரண்டியின்படி நடக்காத விற்பனையாளர் பொருளை மாற்றித் தரவோ, காசைத் திருப்பித் தரவோ, நட்டஈடு கொடுக்கவோ உத்தரவிட 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் முறைப்பாட்டை விற்பனையோ சேவையோ நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். வாங்கிய நாளை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு அந்தக் காலம் போய்விட்டது. போன கிழமை வந்து பார்த்ததற்குக் காசு வாங்கியிருந்தால் அது ஒரு சேவை, அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவும் சரிவராவிட்டால் உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்குப் போகலாம், பெரிய செலவில்லை, சட்டத்தரணி தேவையில்லை.

அதுவரை அம்மாவுக்கு: வாளியில் முதலில் 10 லீற்றர் பச்சைத்தண்ணீர், பிறகு கேத்தலில் கொதித்த 2 லீற்றர். இளஞ்சூடாக, கிட்டத்தட்ட 39 பாகைக்கு வரும். கொதிநீரை முதலில் ஊற்றி வைக்காதீர்கள், வயதானவர் இருக்கும் வீட்டில் அது ஆபத்து.

கேள்வி: ஹீற்றர் சூடாகும்போது பக்கத்திலுள்ள வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. இதுவும் பழுதா? (தெஹிவளை)

பதில்: இல்லை. 50 லீற்றர் தண்ணீர் 60 பாகைக்குச் சூடாகும்போது அரை லீற்றருக்கு மேல் விரிகிறது, திரும்பிப் போக வழியில்லாவிட்டால் அந்த வால்வு வழியாகத்தான் வரும். தயவுசெய்து அடைத்துவிடாதீர்கள், டாங்கி வெடிக்காமல் காப்பது அதுதான். ஒரு சின்ன ஹோஸ் மாட்டிக் கீழே வடிகாலுக்கு விடுங்கள். ஹீற்றர் நிறுத்தி ஆறிய பிறகும் நிற்காமல் சொட்டினால் மட்டும் வால்வை மாற்றுங்கள்.