"வெறும் கேரியர்தான், உங்களுக்கு ஒன்றும் வராது" என்று சொல்லிவிட்டார்களா?

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு ஹீமோஃபிலியா ஏ. எனக்கு மாதவிடாய் 9 நாள் வரை நீள்கிறது, பல் பிடுங்கியபோது 2 நாள் ரத்தம் நிற்கவில்லை. டாக்டர்களோ நான் வெறும் கேரியர்தான் என்கிறார்கள். இப்போது ஒரு ஆலோசகர், என் உடம்பில் ஆர்.என்.ஏ. சுவிட்ச் சரியாக வேலை செய்யவில்லை, எச்சிலில் எபிஜெனெடிக் பரிசோதனை செய்து 6 மாதம் மருந்து சாப்பிட்டால் ஜீன் விழித்துக்கொள்ளும் என்கிறார். பணம் கட்டலாமா? எனக்கு 11 வயதில் மகளும் இருக்கிறாள்."

கட்ட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். அவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதுதான் எனக்குக் கவலை. முழுப் பொய் என்றால் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

ஹீமோஃபிலியா ஏ என்பது, ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 8 என்ற புரதம் குறைவதால் வரும் நோய். அந்தப் புரதத்துக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பழுதான ஜீனைச் சுமக்கும் பெண்ணைத்தான் கேரியர் என்கிறார்கள். உங்களிடம் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உள்ளன. அப்பா தந்ததில் ஃபேக்டர் 8 ஜீன் பழுது, அம்மா தந்ததில் அது நன்றாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு செல்லும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் பயன்படுத்தும், மற்றதை மூடிவைத்துவிடும். இதை 1961-இல் மரபியல் விஞ்ஞானி மேரி லயன் முன்வைத்தார். மூடும் வேலையைத் தொடங்கி வைப்பது எக்ஸிஸ்ட் என்ற ஆர்.என்.ஏ. என்பது 1991-க்குப் பிறகு தெரியவந்தது.

வழக்கமாக ஆர்.என்.ஏ. என்றால் புரதம் செய்வதற்கான குறிப்பு என்று படித்திருப்போம். எக்ஸிஸ்ட் அப்படியல்ல. ஏறத்தாழ 17,000 எழுத்து நீளம் இருந்தும் அதிலிருந்து ஒரு புரதமும் உருவாவதில்லை. அது பிறந்த குரோமோசோமின் மேலேயே போர்வைபோலப் படர்கிறது. படர்ந்ததும் சில புரதங்களை அங்கே வரவழைக்கிறது. அவை 'இந்த ஜீனைப் படிக்கலாம்' என்ற ரசாயனக் குறிகளை அழித்து, 'படிக்காதே' என்ற குறிகளைப் பதிக்கின்றன. கடைசியில் டி.என்.ஏ. மேலேயே மீத்தைல் என்ற ரசாயனப் பூட்டு விழுகிறது. செல் இரண்டாகப் பிரியும்போது இந்தப் பூட்டும் கூடவே போகிறது. ஜீனின் எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, வாசிப்பு மட்டும் நின்றுவிட்டது. எபிஜெனெடிக்ஸ் என்பது இதைத்தான்.

எந்த எக்ஸை மூடுவது என்பது கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே, பூவா தலையா போடுவதுபோல, செல்லுக்குச் செல் தற்செயலாக முடிவாகிறது. ஆயிரம் தடவை சுண்டினால் பாதிக்குப் பாதி வரும். சில தடவை மட்டும் சுண்டினால் பெரும்பாலும் ஒரே பக்கமே விழலாம். அந்த வேளையில் கருவில் செல்கள் கொஞ்சம்தான். அதனால் சில பெண்களுக்கு நல்ல எக்ஸ் அதிகமான செல்களில் மூடிக்கொள்கிறது, ஃபேக்டர் 8 குறைகிறது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்க வாய்ப்பு இருக்கிறது. இது சுவிட்ச் கோளாறு அல்ல, சுவிட்ச் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

சரி, அப்படியானால் எச்சில் பரிசோதனை? ஃபேக்டர் 8 முக்கியமாகக் கல்லீரலின் ரத்த நுண்குழாய்களின் உட்சுவர்ச் செல்களில் உருவாகிறது. எச்சிலில் வரும் செல்களில் எந்த எக்ஸ் எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது என்பது கல்லீரலுக்கும் பொருந்த வேண்டிய அவசியமில்லை. மருந்து விஷயம் இன்னும் மோசம். மூடிய எக்ஸில் ஃபேக்டர் 8 ஜீனை மட்டும் திறக்கும் மாத்திரையோ பொடியோ எதுவும் இல்லை. முழு எக்ஸையும் திறந்தால் அதிலுள்ள நூற்றுக்கணக்கான ஜீன்கள் இரட்டிப்பாகப் பேசத் தொடங்கும். அது உடம்புக்கு நல்லதல்ல. வண்ண வண்ண வரைபடங்களோடு இப்படிப்பட்ட அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தவர்களில் பலருக்கு ஃபேக்டர் 8 அளவை ஒருவருமே பார்த்திருக்கவில்லை.

உங்களுக்கு வேண்டியது அந்த அளவுதான். எந்தச் செல்லில் எந்த எக்ஸ் திறந்திருந்தாலும், கடைசியில் ரத்தத்தில் எவ்வளவு ஃபேக்டர் ஓடுகிறது என்பதை அது சொல்லிவிடும். ஒரு குழாய் ரத்தம் போதும். "ஏ.பி.டி.டி. நார்மல்" (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் பொதுவான பரிசோதனை இது) என்று காட்டி அனுப்பிவிடப் பார்ப்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். லேசான குறைவில் அது நார்மலாகவே வரலாம். பொதுவாக 50 முதல் 150 சதவீதம் சரியான அளவு. 40-க்குக் கீழே இருந்தால் அந்தப் பெண்ணுக்கே ஹீமோஃபிலியா என்று சர்வதேச ரத்த உறைவு நிபுணர்கள் சங்கம் 2021-இல் பெயரிட்டுவிட்டது. அளவு சரியாக இருந்தும் ரத்தப்போக்கு இருந்தால் அதற்கும் தனிப் பெயர் உண்டு. இத்தனைக்கும் பிறகு ஒரு பெண்ணிடம் "வெறும் கேரியர்" என்று சொல்ல எப்படி மனம் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. எத்தனை பெண்கள் இதைக் கேட்டுவிட்டு ரத்தசோகையோடு வீடு திரும்பியிருக்கிறார்கள்!

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். காய்ச்சல், கடும் மன உளைச்சல், கர்ப்பம் ஆகியவற்றில் ஃபேக்டர் 8 தானாகவே ஏறும். அப்போது எடுத்த எண்ணை வைத்து நிம்மதி அடையாதீர்கள். குறிப்பாகக் கர்ப்பத்தில் மாதம் ஏற ஏற அளவும் ஏறும், கடைசி மாதத்தில் எல்லாம் சரியாகத் தெரியும், பிரசவமும் நல்லபடி நடக்கும். அப்புறம் சில நாட்களில், சிலருக்குச் சில வாரங்களில், அளவு பழைய இடத்துக்கே இறங்கும். ரத்தப்போக்கு வருவது அப்போதுதான், அதுவும் வீட்டுக்குப் போன பிறகு. ஆகவே உடம்பு சாதாரணமாக இருக்கும் நாளில் ஒருமுறை பாருங்கள். குறைவாகவோ ஐயமாகவோ வந்தால் இன்னொரு நாள் மறுபடி பாருங்கள். அறிக்கையில் தேதியோடு "கர்ப்பம் இல்லை, காய்ச்சல் இல்லை" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அளவு தெரிந்தால் வழிகள் இருக்கின்றன. டிரானெக்ஸாமிக் அமிலம் மாதவிடாய்க்கும் பல் சிகிச்சைக்கும் உதவும், டெஸ்மோபிரெசின் பலருக்கு ஃபேக்டர் 8 அளவை ஏற்றும். இரண்டையும் ரத்தநோய் நிபுணர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம்.

மகளுக்குப் பழுதான எக்ஸ் போயிருக்க 50 சதவீத வாய்ப்பு. ஃபேக்டர் அளவு நார்மலாக வந்தாலும் அவள் கேரியர் இல்லை என்று ஆகாது, அதற்கு ஜீன் பரிசோதனைதான் வேண்டும். அதை எடுக்கும் முன் உங்கள் அப்பாவின் ஜீனில் உள்ள திரிபு, அதாவது பழுது, எந்த வகை என்று கேளுங்கள். கடுமையான ஹீமோஃபிலியா ஏ-யில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஜீனின் ஒரு பெரிய துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கும். எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் சாதாரணப் பரிசோதனை அதைத் தவறவிட்டு "பழுது இல்லை" என்று எழுதிவிடும். அளவு பார்ப்பதற்கோ இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. அவளுக்கு முதல் மாதவிடாய் வரும் முன்பே பார்த்துவிடுங்கள். அதற்கு முன் பல் பிடுங்கவோ டான்சில் அறுவைக்கோ நாள் குறித்தால், அந்த எண் கைக்கு வரும்வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள்.