ஜூனில் இன்டர்ன்ஷிப் வேண்டும், யாரையும் தெரியாது: எங்கே தொடங்குவது?

கேள்வி: ஈரோடு பக்கம் பி.இ. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஜூனில் நான்கு வாரம் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும். இருபது பெரிய கம்பெனிகளுக்கு மெயில் அனுப்பியும் பதில் இல்லை. 3,000 ரூபாய் கட்டினால் சான்றிதழ் தருவதாக ஒருவர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். உதவித்தொகை தராத கம்பெனிகள் நிறைய உண்டு, அது வேறு விஷயம். காசு கொடுத்து வாங்கிய சான்றிதழ், "அங்கே எந்த மெஷினில் நின்றீர்கள்?" என்று கேட்டதுமே பல்லிளித்துவிடும்.

பெரிய கம்பெனிகள் பலவும் கல்லூரி பிளேஸ்மென்ட் அலுவலகம் வழியாக வரும் கோரிக்கையைத்தான் எடுத்துக்கொள்கின்றன. பொது முகவரிக்குப் போகும் மெயிலை முடிவெடுப்பவர் பார்ப்பதே அபூர்வம். முதல் இன்டர்ன்ஷிப்புக்கு ஐம்பது, நூறு பேர் வேலை செய்யும் இடமே தோது. கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் பம்ப், மோட்டார், காஸ்டிங், மெஷினிங் யூனிட்கள் நிறைய இருக்கின்றன. கோவைச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் கண்காட்சிகளில் கடை போடுபவர்களின் பட்டியலைப் பாருங்கள். கூகுள் மேப்பில் 'சிஎன்சி ஜாப் ஒர்க்' என்று ஊர்ப் பெயருடன் தேடுங்கள். பதினைந்து பெயர் சேர்ந்தால் போதும்.

மெயிலுக்கு முன்னால் போன். காலை ஷிப்ட் பரபரப்பு அடங்கியபின், பதினொரு மணி வாக்கில் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ட்ரெய்னிங் வர்ற ஸ்டூடன்ட்ஸை யார் சார் பாக்குறாங்க? அவங்க மெயில் ஐடி கிடைக்குமா?" பிறகு அவருக்கு மட்டும் அனுப்புங்கள். இருபது கம்பெனி முகவரியையும் ஒரே மெயிலில் போட்டால் எல்லோருக்கும் எல்லோர் பெயரும் தெரியும், படிக்காமலே அழித்துவிடுவார்கள்.

சப்ஜெக்டில் 'இன்டர்ன்ஷிப் கோரிக்கை, மெக்கானிக்கல் 3ஆம் ஆண்டு, ஜூன் 1 முதல் 27 வரை' என்று தேதியோடு எழுதுங்கள். உள்ளே ஆறேழு வரி போதும்: யார், எந்தப் பிரிவில் (மெஷின் ஷாப், தரப் பரிசோதனை) பயிற்சி வேண்டும், தங்குமிடம் உங்கள் பொறுப்பா. ரெஸ்யூமே ஒரு பக்கம், பிடிஎஃப், ஃபைலுக்கு உங்கள் பெயர். டிரைவ் லிங்க் அனுப்பினால் திறக்க அனுமதி கேட்டு நிற்கும், அத்தோடு கதை முடிந்தது.

அந்த ஒரு பக்கத்தில் 'கடின உழைப்பாளி' என்பது வீண் வரி. 'லேத்தில் டேப்பர் டர்னிங், திரெட் கட்டிங் செய்திருக்கிறேன். ஸ்க்ரூ ஜாக் அசெம்பிளியை சாலிட்வொர்க்ஸில் வரைந்திருக்கிறேன்' என்று எழுதினால் கேள்வி கேட்கப் பிடி கிடைக்கும். நேரில் போனால் வெர்னியரைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்லக்கூடும். சாதாரண வெர்னியரின் லீஸ்ட் கவுண்ட் (அது அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.02 மி.மீ., மைக்ரோமீட்டருக்கு 0.01. இதில் தடுமாறுபவர்கள்தான் அதிகம்.

ஒரு வாரம் பதில் இல்லையென்றால் அதே மெயிலுக்குக் கீழேயே ஒருமுறை நினைவூட்டுங்கள், பிறகு போன் செய்யுங்கள். அதற்கு மேல் துரத்த வேண்டாம்.

கடைசி நேரத்தில் காலை வாருவது, நீங்கள் அங்கே படிக்கும் மாணவர்தான் என்று கல்லூரி தரும் போனஃபைட் கடிதம். கம்பெனி பெயர், பயிற்சித் தேதிகள், துறைத் தலைவர் அல்லது முதல்வர் கையெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். செமஸ்டர் தேர்வு நேரத்தில் கையெழுத்து வாங்க ஒரு வாரம்கூட இழுக்கும். ஆகவே ஏப்ரல் தொடக்கத்திலேயே தேடலை ஆரம்பியுங்கள். சில யூனிட்கள் விபத்துக் காப்பீட்டு நகல், சேஃப்டி ஷூ கேட்கும். கல்லூரியில் குழுக் காப்பீடு இருக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள்.

மத்திய அரசின் அப்ரென்டிஸ் பயிற்சித் தளமான நாட்ஸையும் இந்த இன்டர்ன்ஷிப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே வரும் ஓராண்டு அப்ரென்டிஸ் பயிற்சி பெரும்பாலும் பட்டமோ டிப்ளமோவோ முடித்தவர்களுக்கு. உங்களுக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்வி கவுன்சில்) இன்டர்ன்ஷிப் போர்ட்டல் பொருந்தும்.

பயிற்சி முடியும் வாரத்தில் சான்றிதழைக் கையோடு கேட்டு வாங்குங்கள். லெட்டர்ஹெட், பிரிவின் பெயர், தொடங்கிய, முடிந்த தேதிகள், முத்திரை நான்கும் இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். கல்லூரி திறந்தபின் திருத்தம் கேட்டு மறுபடி கோவைக்கு பஸ் ஏறுவது பெரும் தலைவலி.