லேக் டிஸ்ட்ரிக்ட் ஏற்றத்துக்கு எந்த சைக்கிள்? – கேள்வி பதில்

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன், வயது 44. மூன்று வருடமாக ஞாயிறுதோறும் 60, 70 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். ஜூனில் நண்பர்களோடு இங்கிலாந்தின் வடமேற்கு மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்ட் போய் நான்கு நாள் ஓட்டத் திட்டம், ஹார்ட்நாட் என்ற மலைச்சாலை ஏற்றமும் உண்டு. கையில் 1,800 பவுண்ட். கடையில் 8 கிலோ கார்பன் ரேஸ் சைக்கிளைக் காட்டுகிறார்கள், அதே விலைக்கு 10 கிலோ அலுமினியத்தில் நீண்டதூர ஓட்டத்துக்கானதும் இருக்கிறது. மலைக்கு எடை குறைந்ததுதானே நல்லது?

பதில்: எடை குறைந்தால் நல்லதுதான், யார் இல்லை என்றார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் ஒரு 75 கிலோ என்று வைத்துக்கொண்டால் சைக்கிள், தண்ணீர் பாட்டில், மழைச்சட்டை எல்லாம் சேர்த்து 87 கிலோவை மேலே ஏற்றப்போகிறீர்கள். அதில் 2 கிலோ குறைவது நூற்றுக்கு இரண்டு சொச்சம். முழங்காலைக் காப்பாற்றுவது பின்சக்கரத்துப் பெரிய பல்சக்கரம். கடையில் அதில் எத்தனை பல் என்று எண்ணிப் பார்த்தீர்களா?

ரேஸ் சைக்கிள்கள் பலவற்றில் முன்னால் பெடலோடு இருக்கும் பல்சக்கரங்களில் சின்னது 36 பல், பின்னால் பெரியது 28 அல்லது 30. 36-க்கு 28 என்றால் பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் 2.7 மீட்டர் நகரும். 20 சதவீத ஏற்றத்தில் நம்மைப் போன்றவர்கள் மணிக்கு 6 கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம், அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 37 சுற்றுதான் வரும், ஒவ்வொரு மிதிக்கும் மூட்டையோடு மாடிப்படி ஏறுகிற மாதிரி இருக்கும். முன்னால் 34, பின்னால் 34 இருந்தால் அதே வேகத்தில் 47 சுற்று. முன்னால் 30 கிடைத்தால் 54. இந்த வித்தியாசத்துக்குத்தான் காசு கொடுக்க வேண்டும். "ரேஸ் சைக்கிளையே எடுங்கள், கேசட்டை மட்டும் மாற்றித் தருகிறோம்" என்று, அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கை மட்டும் மாற்றுவதாக, கடைக்காரர் சொன்னால், பின் டெரெய்லர் (செயினைப் பல் மாற்றித் தள்ளும் கருவி) 34 பல்லைத் தாங்குமா, செயின் நீளம் போதுமா என்று கேளுங்கள். தாங்கும் என்றால் அதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

ஹார்ட்நாட்டின் உயரத்தைக் கேட்டால் சிரிப்பு வரும், 393 மீட்டர்தான். ஆனால் மிகச் செங்குத்தான இடத்தில் சாய்வு 33 சதவீதம், அதாவது மூன்று மீட்டர் முன்னால் போனால் ஒரு மீட்டர் மேலே. ஹாரோவிலிருந்து சில்டர்ன் குன்றுகளுக்குப் போயிருப்பீர்கள், அங்கேயும் செங்குத்து உண்டு, ஆனால் பல்லைக் கடித்தால் முடிந்துவிடும். இங்கே வளைவு திரும்பினால் இன்னொரு வளைவு நிற்கும். மேற்குச் சரிவில் ஒரு ரோமானியக் கோட்டையின் இடிபாடு இருக்கிறது. நான் அதைப் பார்க்கத்தான் இறங்கினேன் என்று கூட வந்தவர்களிடம் சொன்னேன், யாரும் நம்பவில்லை.

என்னைக் கேட்டால் ஹார்ட்நாட்டை ஒரு நாளோடு நிறுத்திவிட்டு மற்ற நாட்களைச் சின்ன சாலைகளுக்குக் கொடுங்கள். கோனிஸ்டன் ஏரியின் கிழக்குக் கரை, உல்ஸ்வாட்டர் ஓரமாக பூலி பிரிட்ஜிலிருந்து ஹவுடவுன் போகும் முட்டுச்சாலை, கெஸ்விக்கிலிருந்து நியூலண்ட்ஸ் பள்ளத்தாக்கு. இருபுறமும் சாந்து பூசாத கல்சுவர், ஒரு கார் போகும் அகலம், நடுவில் சில இடங்களில் பாசியும் பொடிக்கல்லும், சாலையின் குறுக்கே சாவகாசமாக நிற்கும் ஹெர்ட்விக் ஆடுகள். அப்புறம் ஆடுமாடு தாண்டாமல் இருக்கச் சாலையில் பதித்திருக்கும் இரும்புக் குழாய் வரிசை. மழை பெய்தால் அது சோப்புத் தடவிய மாதிரி. ஹாண்டிலை நேராகப் பிடித்து, பிரேக்கைத் தொடாமல், மிதிக்காமல் கடந்துவிட வேண்டும், கொஞ்சம் சாய்த்தால் கீழேதான். இந்தச் சாலைக்கு 25 மி.மீ. டயர் வேண்டாம், 30 அல்லது 32 போடுங்கள். அந்த கார்பன் ஃபிரேமில் 32 நுழையுமா என்று கேளுங்கள், பல ரேஸ் ஃபிரேம்களில் நுழையாது.

ஆக, 10 கிலோ அலுமினியம், டிஸ்க் பிரேக், 34-க்கு 34 கியர். கையில் காசு மிச்சம் இருந்தால் நல்ல மழைச்சட்டை. அங்கே பாரோடேல் பள்ளத்தாக்கில் இருக்கும் சீத்வெயிட்டில் வருடத்துக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை, இங்கிலாந்தில் மக்கள் வசிக்கும் இடங்களிலேயே அதிக ஈரமானது அதுதான். ஜூன் என்றெல்லாம் அது பார்க்காது.

கேள்வி: ஆன்லைனில் ஒருவர் பழைய கார்பன் சைக்கிளை 650 பவுண்டுக்குத் தருகிறார். சக்கர விளிம்பும் (ரிம்) கார்பன், பிரேக் அந்த விளிம்பையே பிடிக்கிற வகை (ரிம் பிரேக்). வாங்கிய பிறகு ஏதாவது கோளாறு வந்தால் திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: கடையில் வாங்குவதற்கும் தனி ஆளிடம் வாங்குவதற்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம். தனி ஆள் விற்றால் இரண்டே விஷயம்தான் உங்கள் பக்கம்: பொருள் அவர் சொன்ன விவரப்படி இருக்க வேண்டும், அதை விற்க அவருக்கு உரிமை இருக்க வேண்டும். தரம் சரியில்லை என்று பிறகு சண்டை போட முடியாது. அதனால் விளம்பரத்தை அப்படியே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், "விபத்தில் சிக்கியதில்லை" என்று அவர் எழுதியிருந்தால் அது பின்னால் உதவும். ஃபிரேம் எண்ணை பைக்ரெஜிஸ்டர் என்ற சைக்கிள் பதிவுத் தளத்தில் போட்டுத் திருட்டு வண்டியா என்று பாருங்கள். சீட் போஸ்ட் (இருக்கையைத் தாங்கும் குழாய்) மேலும் கீழும் நகர்கிறதா என்று பாருங்கள், கார்பனில் இறுகிப்போனால் எடுப்பதற்குள் ஃபிரேமே போய்விடும்.

ஆனால் மலைக்கு என்றால் இதை நான் வாங்கமாட்டேன். கார்பன் ரிம் ஈரத்தில் தாமதமாகப் பிடிக்கும், நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்தினால் ரிம் சூடேறிக் கெட்டுப்போகவும் செய்யும். ஹார்ட்நாட்டுக்குப் பக்கத்து மலைச்சாலையான ரைநோஸ் இறக்கத்தில் ஒரு மழைநாளில் இந்த மாதிரி ஒன்றை ஓட்டி, பிரேக் பிடித்து ஒரு நொடி ஒன்றுமே நடக்காமல் கல்சுவர் நெருங்கி வந்ததைப் பார்த்தவன் நான். வீட்டுக்கு வந்த வாரமே விற்றுவிட்டேன், வாங்கியவரிடம் இதையும் சொல்லித்தான்.

கேள்வி: கடையில் புதிதாக வாங்கி ஐந்து வாரம் ஆகிறது. ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் கியர் தானாகக் குதிக்கிறது. ஒரு முறை சரிசெய்து கொடுத்தார்கள், மறுபடி அதே கதை. "தயாரிப்பாளரிடம் பேசுங்கள்" என்கிறார்கள்.

பதில்: காசு வாங்கியது கடை, பேச வேண்டியதும் கடையிடம்தான். 2015-ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, முதல் 30 நாளுக்குள் என்றால் குறையுள்ள பொருளை நேராகத் திருப்பி முழுப் பணம் கேட்டிருக்கலாம். அது தாண்டிவிட்டது, பரவாயில்லை. அதன் பிறகு பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கடைக்கு ஒரு வாய்ப்பு உண்டு, அதை அவர்கள் பயன்படுத்திவிட்டார்கள். இப்போது நீங்கள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம், அல்லது வைத்துக்கொண்டு விலையில் குறைப்புக் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் தெரியவந்த குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடை. எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்து விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000-க்குள் என்றால் கார்டு நிறுவனத்திடமும் நுகர்வோர் கடன் சட்டத்தின் பிரிவு 75-இன் கீழ் கேட்கலாம்.

ஒன்று மட்டும். மழையில் இரண்டு நாள் மலை இறங்கி பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று போகாதீர்கள். அது தேய்மானம், குறை இல்லை.

கேள்வி: என் மனைவிக்கு மலை ஏற்றம் பயம், மின்சைக்கிள் வாங்கினால் கூட வருவாரா?

பதில்: அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்! வாங்குவதற்கு முன் கெஸ்விக்கிலோ ஆம்பிள்சைடிலோ ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டச் சொல்லுங்கள், பிடித்தால் பிறகு பார்க்கலாம். வாங்கினால் 250 வாட் மோட்டார், மணிக்கு 15.5 மைலில் உதவி நின்றுவிடுவதுதானா என்று பாருங்கள், அதைத் தாண்டினால் சட்டப்படி அது சைக்கிளே இல்லை, மோட்டார் வண்டியாகப் பதிவும் காப்பீடும் வேண்டும். சொந்த சைக்கிளோடு ரயிலில் போவதென்றால் லேக் டிஸ்ட்ரிக்ட் போக இறங்கும் ஆக்ஸன்ஹோம் நிலையத்துக்குப் போகும் விரைவு ரயிலில் சைக்கிளுக்கு இடம் மிகக் குறைவு, முன்பதிவு கட்டாயம், கட்டணம் இல்லை. டிக்கெட் எடுக்கும்போதே அதையும் போட்டுவிடுங்கள்.