கரடிப்போக்கில் 72: தண்டம் கட்டுவதா, வழக்காடுவதா?

கேள்வி: எனக்குப் பரந்தன். வேலை வவுனியாவில். போன கிழமை காலை ஆறு மணிபோல மோட்டார் சைக்கிளில் போகையில், கரடிப்போக்குச் சந்தி தாண்டியதும் பொலிஸார் மறித்தனர். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வந்ததாகச் சொல்லி லைசன்ஸை வாங்கிக்கொண்டு தண்டச் சீட்டுத் தந்தார்கள். வீதியில் ஒரு சனமும் இல்லை, வேகப் பலகையும் இல்லை. கட்டத்தான் வேண்டுமா? ஆளைப் பிடித்துக் காசு கொடுத்தால் லைசன்ஸை எடுக்கலாம் என்கிறான் நண்பன்.

பதில்: முதலில் சீட்டில் உள்ள திகதியைப் பாருங்கள். அன்றிலிருந்து 14 நாட்களுக்கு அந்தச் சீட்டே உங்கள் தற்காலிக லைசன்ஸ். அதற்குள் தபாலகத்தில் தண்டத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டி லைசன்ஸை மீளப் பெறலாம். 14 நாள் தாண்டினால் தண்டம் இரட்டிப்பாகும், சீட்டை வைத்து ஓடவும் முடியாது. 28 நாளும் போனால் விஷயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும்.

வழக்காடும் உரிமை உங்களுக்கு உண்டு. வேகம் அளக்கும் கருவி காட்டியது வேறு வாகனத்தின் வேகம் என்று நம்பினால் கட்டாமல் மன்றில் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் சொல்லும் காரணம் நிற்காது. மோட்டார் சைக்கிளுக்கு ஊர்மனைக்குள் எல்லை 50, வெளியே 70. பலகை இல்லை என்ற உங்கள் வாதத்தை முழுதாக ஏற்று, அந்த இடம் ஊர்மனையே இல்லை என்று வைத்தாலும் 72 கூடத்தான். கட்டிவிடுங்கள் என்பதே என் ஆலோசனை.

வீதி வெறுமையாக இருந்ததைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏ9 வீதியில் விடியும் நேரத்தில் மாடுகள் தாரில் படுத்துக் கிடப்பதும், ஒழுங்கையிலிருந்து சைக்கிள் திடீரென ஏறுவதும் உங்களுக்குத் தெரியும். கவனயீனத்தால் ஒரு உயிர் போனால் தண்டனைச் சட்டக்கோவை 298ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுவரை சிறை. எல்லைக்குள் ஓடியிருந்தாலும் கவனயீனம் கவனயீனம்தான். அப்படியான வழக்குகளில் இரண்டு குடும்பங்களும் உடைந்துபோய் மன்றுக்கு வெளியே நிற்கும். அந்த இடத்துக்கு நீங்கள் வரக்கூடாது.

நண்பரின் யோசனையைக் கையிலும் எடுக்காதீர்கள். லஞ்சம் வாங்குபவர் மட்டுமில்லை, கொடுப்பவரும் குற்றவாளி. 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் இருவரையும் பிடிக்கும். சின்னத் தண்டத்தோடு முடிகிற காரியத்தைப் பெரிய வழக்காக்க வேண்டாம்.

சரி, அந்த நண்பர் ஓட்டோ ஓடுபவராக இருந்தால் இதையும் சொல்லிவிடுங்கள்: ஓட்டோவுக்கு ஊருக்குள்ளும் வெளியிலும் எல்லை 40தான்.