டிஜிட்டல் ரூபாய் குட்டி போடாது

கேள்வி: பாலக்கோடு தக்காளி மண்டி பக்கத்தில் டிபன் கடை வைத்திருக்கிறேன். சாப்பிட வருகிறவர்களில் பாதிப் பேர் போனில்தான் பணம் போடுகிறார்கள். சீட்டு முடிந்து 2 லட்சம் கைக்கு வந்திருக்கிறது. "இனி எல்லாம் டிஜிட்டல் காசுதான் அத்தை, ரிசர்வ் வங்கியே விட்டிருக்கிறது, ஆறு மாதத்தில் இரட்டிப்பு" என்று அண்ணன் மகன் ஒரு ஆப்பைக் காட்டுகிறான். போடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் அண்ணன் மகன் இரண்டு சரக்கை ஒரே மூட்டையில் கட்டிவிட்டார்.

ரிசர்வ் வங்கி விட்டது இ-ரூபாய், அதாவது டிஜிட்டல் ரூபாய். பொதுமக்களுக்கான சோதனை ஓட்டம் 2022 டிசம்பர் 1-ல் தொடங்கியது. வங்கி ஆப்பில் 500, 100 என்று நோட்டுக் கணக்காகவே இருக்கும். உங்கள் கடையில் ஒட்டியிருக்கும் யுபிஐ க்யூஆர் அட்டையிலேயே ஸ்கேன் செய்து கொடுக்கலாம். வட்டி கிடையாது. கல்லாவில் கிடக்கும் 500 ரூபாய் எப்படி 500 ஆகவே இருக்குமோ, அப்படித்தான் இதுவும். அதை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று எந்த ஆப் சொன்னாலும் அது மோசடி.

ஆப்பில் இருப்பது கிரிப்டோ, அதாவது பிட்காயின் மாதிரி தனியார் காயின் என்றால் அது வேறு. அதன் மதிப்புக்கு ரிசர்வ் வங்கியோ அரசோ பொறுப்பில்லை. வரி மட்டும் உண்டு: லாபத்தில் 30 சதவீதம், அந்த வரித் தொகையின் மேல் 4 சதவீத செஸ் (கூடுதல் வரி). ஒரு காயினில் 50,000 லாபம், இன்னொன்றில் 50,000 நஷ்டம் என்று வையுங்கள். கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் 15,600 ரூபாய் வரி கட்ட வேண்டும், ஏனென்றால் நஷ்டத்தைக் கழிக்கவே விடமாட்டார்கள். வடை வியாபாரத்தில் இப்படி ஒரு கணக்கை நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

நாட்டில் நிஜமாகவே நடந்திருக்கும் மாற்றம் உங்கள் கடை வாசலில் இருக்கிறது. 2016-ல் வந்த யுபிஐ. முன்பு உங்கள் வியாபாரத்துக்குச் சாட்சி எண்ணெய்க் கறை படிந்த நோட்டுப் புத்தகம் மட்டும்தான். அதைக் காட்டினால் எந்த வங்கியும் கடன் தராது. இப்போது இட்லிக்கு வரும் 30 ரூபாய்கூட தேதி, நேரத்தோடு வங்கிக் கணக்கில் பதிவாகிறது. ஒரு வருட ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொண்டு போய் சிறு தொழில்களுக்கான அரசுத் திட்டமான முத்ரா கடன் கேளுங்கள். சிசு பிரிவில் 50,000 வரை, ஈடு தேவையில்லை. கிரைண்டர் மாற்றவோ இன்னொரு அடுப்பு போடவோ அது போதும். சீட்டுப் பணம் வங்கி வைப்பில் பத்திரமாக இருக்கட்டும்.

மொத்த விற்பனை வருடத்துக்கு 20 லட்சத்தை நெருங்கினால் ஜிஎஸ்டி பதிவு பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள். 2025-ல் பக்கத்துக் கர்நாடகத்தில் யுபிஐ வரவைப் பார்த்தே சிறு கடைகளுக்கு நோட்டீஸ் போனது. அதற்காகப் பயந்து க்யூஆர் அட்டையைக் கிழித்துவிடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. அண்ணன் மகன் ஏற்கெனவே அந்த ஆப்பில் பணம் போட்டிருக்கலாம். எடுக்கப் போனால் "முதலில் வரி கட்டு" என்று கேட்கிறார்களா என்று விசாரியுங்கள். கேட்டால் அது மோசடிதான்; திட்டாமல் பக்கத்தில் உட்காரவைத்து உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்யச் சொல்லுங்கள்.