சாய்த்து வைத்த செடியின் வேர் கீழ்நோக்கி வளைவதில் சைட்டோஸ்கெலிட்டனுக்கு என்ன பங்கு?

சைட்டோஸ்கெலிட்டன் என்பது செல்லுக்குள் பரவியிருக்கும் மெல்லிய புரத இழைகளின் வலை. தாவரங்களில் முக்கியமானவை ஆக்டின் இழைகளும் நுண்குழல்களும்.

வேர் நுனியை மூடியிருக்கும் தொப்பியின் சில செல்களில் ஸ்டார்ச் நிறைந்த கனமான மணிகள் உண்டு. தண்ணீர் பாட்டிலுக்குள் போட்ட கூழாங்கல் போலத்தான், செடி சாய்ந்தால் சில நிமிடங்களிலேயே புதிய அடிப்பக்கத்துக்கு இறங்கிவிடும். மணிகள் இறங்கிய பக்கம்தான் கீழ் என்று வேர் அறிந்துகொள்ளும். அப்புறம் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஆக்ஸின் ஹார்மோன் கீழ்ப்பக்கம் அதிகமாகச் சேரும், அது வேரின் வளர்ச்சியைத் தடுப்பதால் மேல்பக்கம் மட்டும் வேகமாக நீண்டு வேர் கீழே வளைகிறது (தண்டில் இதற்கு நேர் எதிர், அங்கே ஆக்ஸின் வளர்ச்சியைத் தூண்டும்).

சரி, செல் ஏன் உருண்டையாக உப்பாமல் நீள்கிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நுண்குழல்கள் செல்லின் ஓரத்தில் வளையம் வளையமாக அமைந்து, செல் சுவரின் உறுதியான நார்ப்பொருளான செல்லுலோஸ் இழைகளைச் சுவரில் எந்தத் திசையில் பின்ன வேண்டும் என்று வழிகாட்டுகின்றன. பலூனைச் சுற்றி வரிசையாக ரப்பர் பேண்டு போட்டு ஊதிப் பாருங்கள், அகலமாக முடியாமல் நீளத்தான் செய்யும்.

ஆக்டின் இழைகள் இல்லாவிட்டால் வேருக்குத் திசையே தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் மருந்து கொடுத்து ஆக்டினைக் கலைத்த சோதனைகளில் வேர்கள் வழக்கத்தைவிட அதிகமாகவே வளைந்தன.